பழைய பெட்போர்ட் லொறியின் மாற்றிய எஞ்சினுக்கு ஏர் பில்டர் தெரிவு செய்வது எப்படி?

அப்பாவின் ஜே வகை பெட்போர்ட் லொறியில் பழைய டீசல் எஞ்சினை இறக்கிவிட்டு, இசுசுவின் 3.9 லீற்றர் 4பிடி1 எஞ்சினை ஏற்றினோம். கூடவே, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டேர்போ ஒன்றும் பூட்டினோம். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்த நாங்கள், ஏர் பில்டரை மட்டும் கடைசி நாளுக்கு விட்டுவிட்டோம். வேலை செய்த கராஜில் கையில் கிடைத்த ஒன்றைப் போட்டுத் தந்தார்கள். சில மாதம் கழித்து டேர்போவின் வாயைக் கழற்றிப் பார்த்தேன். அலுமினியச் சிறகுகளின் முன்விளிம்பு மண்கடதாசி போட்டுத் தேய்த்தது போல மங்கிக் கிடந்தது. பில்டர் கிழியவே இல்லை. பில்டரிலிருந்து டேர்போவுக்குப் போகும் குழாயின் வாய் நசுங்கி முட்டை வடிவமாகி இருந்ததால், கிளிப்பை எவ்வளவு இறுக்கியும் ஓரிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அது வழியாகத்தான் தூசி போயிருக்கிறது.

அன்றிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான்: எந்த பில்டர் என்று யோசிப்பதற்கு முன், காற்று எந்த வழியால் வருகிறது, எங்கே கசியும் என்று பாருங்கள்.

முதல் படி: எஞ்சின் குடிக்கும் காற்றைக் கணக்குப் பாருங்கள்

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். ஆகவே எங்கள் எஞ்சினின் சரியான கொள்ளளவான 3.86 லீற்றரை இரண்டால் பிரித்து, நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று பெருக்கினால் 5,790 லீற்றர். சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை, 85 வீதம் என்று வையுங்கள். சுமார் 4,900 லீற்றர் வரும். வெளிக்காற்றின் அழுத்தமே 14.7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்); டேர்போ அதற்கு மேல் 10 பிஎஸ்ஐ கொடுத்தால் காற்று 1.7 மடங்காகும், ஆகவே 1.7 ஆல் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,300 லீற்றர், அதாவது 8.3 கன மீற்றர். டேர்போ அழுத்தும்போது சூடாகும் காற்று ஐதாகிவிடுவதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறையும். பரவாயில்லை, பில்டர் விஷயத்தில் கூட்டிக் கணக்குப் பார்ப்பதே பாதுகாப்பு.

டேர்போ இல்லாத அதே எஞ்சினோடு வந்த பில்டர் டப்பா ஏன் போதாது என்பது இப்போது விளங்கும். அது 4.9 கன மீற்றருக்காகச் செய்தது. நீங்கள் தேடுவது 10 கன மீற்றர் அளவு தாங்கும் டப்பா.

இரண்டாம் படி: எந்த வகை?

பழைய பெட்போர்ட்களில் எண்ணெய்த் தொட்டி வைத்த பில்டர் இருக்கும். பார்க்க அழகு, கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். ஆனால் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மெல்லிய தூசியை அது விட்டுவிடும். டேர்போவுக்கு வேண்டாம். எண்ணெய் பூசிய பருத்தி பில்டர் காற்றைத் தாராளமாக விடும். பந்தயக் காருக்குச் சரி, தினமும் கட்டட வேலைத்தளத்துக்கு மண்ணும் கல்லும் ஏற்றும் லொறிக்கு நான் போடமாட்டேன். ஸ்பொஞ்ச் வகையும் அப்படித்தான்.

என் தெரிவு, வெளியே ஒன்று உள்ளே ஒன்றாக இரண்டு எலிமென்ட் (தூசியை வடிக்கும் பகுதி) உள்ள உலர்ந்த கடதாசி பில்டர். காற்று டப்பாவுக்குள் சுழன்று நுழையும்படி செய்திருப்பார்கள்; பெரிய தூசி ஓரமாக ஒதுங்கி, அடியில் உள்ள ரப்பர் வாய் வழியாக வெளியே விழும். அந்த ரப்பர் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பக்கவாட்டில் பூட்டிய லொறிகளைப் பார்த்திருக்கிறேன், தூசியெல்லாம் உள்ளேயே தங்கும்.

டப்பாவைக் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கலாம், ஜப்பான் லொறிகளில் கழற்றியது கிடைக்கும். வாங்கும்போது மூடியைத் திறந்து, எலிமென்டின் ரப்பர் உட்காரும் வட்டத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவுங்கள். பள்ளமோ துருவோ விரலில் தட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். எலிமென்ட் மட்டும் கட்டாயம் புதிது. அந்த அளவு எப்போதும் கிடைக்கிறதா என்று கடையில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எங்கே பூட்டுவது?

பொனட்டுக்குள் எக்ஸோஸ்ட் மெனிபோல்டுக்கு (எஞ்சினின் சூடான புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) பக்கத்தில் வேண்டாம். கொழும்பில் வெளிக்காற்று 30 பாகை செல்சியஸ் என்றால் பொனட்டுக்குள் 60ஐத் தாண்டும். 30 பாகைக் காற்றுக்குப் பதில் 60 பாகைக் காற்றை இழுத்தால், அடர்த்தி ஏறத்தாழ 9 வீதம் குறைந்துவிடும். அவ்வளவு ஒட்சிசன் நட்டம், டீசல் அதே அளவு போகும், கரும்புகை வரும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

மழையும் இருக்கிறது. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கிராண்ட்பாஸ், கொலன்னாவைப் பக்கம் தெருவில் நீர் நிற்பது உங்களுக்குத் தெரியும். காற்று எடுக்கும் வாய் பம்பர் உயரத்தில் இருந்தால் ஒரு மடக்குத் தண்ணீரே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்டை வளைத்துவிடும். நாங்கள் கெபினுக்குப் பின்னால், கூரை உயரத்துக்குக் குழாயை ஏற்றி, மழைத்தொப்பி போட்டோம்.

நான்காம் படி: குழாய்

8.3 கன மீற்றர் காற்று 3 அங்குலக் குழாயில் போனால் நொடிக்கு 30 மீற்றர் வேகம். 4 அங்குலக் குழாயில் அது 17 மீற்றர்தான். 4 அங்குலமே போடுங்கள், வளைவுகளைக் குறையுங்கள். பில்டருக்கும் டேர்போவுக்கும் இடையில் உலோகக் குழாயும் தடித்த ரப்பர் முழங்கையும் வையுங்கள். மெல்லிய நெளிவு ஹோஸ் உறிஞ்சலில் உள்ளே சுருங்கும். குழாயின் முனை வட்டமாகவும் அதில் சிறு வரம்பும் இருந்தால்தான் கிளிப் வழுக்காது. எங்கள் லொறியில் தூசி நுழைந்தது இந்த இடத்தில்தான்.

ஐந்தாம் படி: அளந்து பாருங்கள்

இதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. நான்கைந்து மீற்றர் கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் வாங்கி, அதன் ஒரு பகுதியைப் பலகையில் ‘ப’வைப் போல வளைத்துக் கட்டுங்கள். இரண்டு கால்களும் மூன்றடியாவது உயரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் எஞ்சினுக்குள் இழுபடும். பாதிக்குச் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை பில்டருக்கும் டேர்போவுக்கும் இடையில் உள்ள சிறு துளையில் பொருத்துங்கள். மற்ற முனை திறந்தே இருக்கட்டும். சுமை ஏற்றி, கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏற்றத்தை முழு விசையில் ஏறும்போது, பக்கத்தில் இருப்பவர் இரண்டு கால்களிலும் நீர்மட்ட வித்தியாசத்தைப் பார்க்கட்டும். புதிய பில்டரிலேயே 10 அங்குலத்தைத் தாண்டினால் டப்பாவோ குழாயோ சிறிது. பாவித்த பிறகு 25 அங்குலம் வந்தால் எலிமென்டை மாற்றும் நேரம். டேர்போ இல்லாத எஞ்சினுக்கு 20.

அப்புறம், கசிவுச் சோதனை. பில்டருக்குப் பிந்திய குழாயின் உட்புறத்தில் மெல்லியதாகக் கிரீஸ் பூசுங்கள். ஒரு வாரம் ஓடிய பின் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். கிரீஸ் வழுவழுப்பாக இருந்தால் சரி. நறநறவென்றால் எங்கோ தூசி நுழைகிறது, கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

கடதாசி எலிமென்டைச் சும்மா சும்மா கழற்றித் தட்ட வேண்டாம். கொஞ்சம் தூசி படிந்த கடதாசி புதியதைவிட நன்றாக வடிக்கும்; ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சீலைத்தான் குழப்புகிறீர்கள். ஊத வேண்டியே வந்தால் உள்ளிருந்து வெளியே, 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல் ஊதுங்கள். பிறகு உள்ளே பல்ப் ஒன்றை விட்டு இருட்டில் பாருங்கள், ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தாலும் அந்த எலிமென்ட் முடிந்தது. உள் எலிமென்டை ஊதவே கூடாது. வெளி எலிமென்டை மூன்று முறை மாற்றினால் அதையும் ஒரு முறை புதிதாக மாற்றுங்கள்.