சென்னைல வீட்டு கரன்ட் செலவையும் கார்பனையும் குறைக்கறது எப்படி, மீட்டர்லேருந்து மொட்டைமாடி வரைக்கும்

2023 ஜூன்ல சென்னை மாநகராட்சி காலநிலை செயல் திட்டம்னு ஒண்ணு வெளியிட்டாங்க, 2050-க்குள்ள ஊரோட கார்பன் கணக்க பூஜ்யத்துக்கு கொண்டு வரணும்னு. அதுல என் மனசுல நின்ன விஷயம், இந்த ஊர் வெளிய விடற வாயுல பாதிக்கு மேல கட்டிடங்கள்லயும் தொழிற்சாலைலயும் செலவாகற கரன்ட், எரிபொருள்லேருந்து தான் வருது, வண்டிப் புகையும் குப்பையும் அதுக்கு அப்புறம் தான். நாடு முழுக்க சராசரி பாத்தா ஒரு யூனிட் கரன்ட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு போகுது. நமக்கு அது கண்ணுல படாது, எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் இருக்கறவங்களுக்கு படும், அனல் மின் நிலையத்து சாம்பல் அவங்க ஆத்துல கலந்து அவங்க வலைல தான் வந்து ஒட்டுது. நான் ஒரு யூனிட் மிச்சம் பண்றப்ப எல்லாம் அத தான் நெனச்சுக்குவேன்.

எல்லாரும் எடுத்த உடனே சோலார் போடலாமான்னு கேக்கறாங்க. வேணாங்க, அது கடைசில. செலவ குறைச்சிட்டு அப்புறம் சோலார் போட்டா மூணு கிலோவாட் வேண்டிய வீட்டுக்கு ரெண்டே போதும்.

முதல்ல மீட்டர். ராத்திரி படுக்க போறப்ப ரீடிங்க ஒரு ஃபோட்டோ, காலைல எழுந்ததும் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ஒரு வாரம் இத பண்ணுங்க, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வர்ற பில்லுல தெரியாதது எல்லாம் இதுல தெரியும். அப்புறம் ஒரு நாள் ஃபிரிட்ஜ் உட்பட எல்லா ஸ்விட்ச்சையும் அணைச்சிட்டு (மெயின மட்டும் அப்படியே விட்டுட்டு) மீட்டர்ல சிமிட்டற சின்ன செவப்பு லைட்ட பாருங்க, அது இன்னும் சிமிட்டுதுன்னா எங்கயோ எதுவோ இழுத்துட்டு இருக்குன்னு அர்த்தம், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், இல்ல வயரிங்ல லீக்கேஜ். லீக்கேஜா இருந்தா எலக்ட்ரீஷியன கூப்பிட தள்ளி போடாதீங்க, அது உயிர் விஷயம்.

நம்ம ஸ்லாப், அதாவது யூனிட் ஏற ஏற ரேட் மாறற படிக்கட்டு, எப்படி வேலை செய்யுதுன்னும் தெரிஞ்சுக்கணும். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், ஆனா மொத்தம் 500-ஐ தாண்டிட்டா 101-லேருந்து 200 வரைக்கும் இருந்த சலுகை ரேட்டும் சேந்து போயிடும், 501-வது யூனிட் ஒரு யூனிட் விலைல வராது. 520, 540-ல நிக்கற வீடா இருந்தா கொஞ்சம் குறைச்சாலே நல்லா வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஃபேன். சென்னைல ஃபேன் வருஷம் பூரா ஓடுது, ஆனா யாரும் அத ஒரு செலவா நினைக்கறதில்ல. பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசின்னு சொல்ற, கரன்ட் கம்மியா இழுக்கற புது வகை மோட்டார் ஃபேன் 28, 30 வாட். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுற ஹால் ஃபேன் ரெண்டு மாசத்துல 72 யூனிட் சாப்பிடும், புதுசுன்னா 27, ஒரே ஃபேன்ல 45 யூனிட் மிச்சம். எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம், அதிகமா ஓடுறத முதல்ல மாத்துங்க. மாத்தறப்ப சுவத்துல இருக்கற பழைய ரெகுலேட்டர கழட்டிட்டு நேரா ஸ்விட்ச்சுல குடுக்க சொல்லுங்க, ரெகுலேட்டர் வழியா குடுத்தா பிஎல்டிசி ஃபேனுக்குள்ள இருக்கற எலக்ட்ரானிக் போர்டு போயிடும், எங்க வீட்டுல முதல் ஃபேன் அப்படி தான் போச்சு.

கடைசி மாடில இருக்கறவங்க ஏசி வாங்கறதுக்கு முன்னாடி மொட்டைமாடிய பாருங்க. பகல் பூரா காஞ்ச கான்கிரீட் ராத்திரி அந்த சூட்ட கீழ இறக்கும், அதனால தான் பத்து மணிக்கு மேல கூட பெட்ரூம் கொதிக்குது. மாடிய நல்லா கூட்டி கழுவி, விரிசல அடைச்சு, காய்ஞ்சதும் வெயில திருப்பி அனுப்பற வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் ரெண்டு கோட் அடிங்க, பட்ஜெட் இல்லேன்னா சுண்ணாம்புல பசை கலந்து அடிக்கலாம், ஆனா மழைல கரைஞ்சு போகும், வருஷா வருஷம் அடிக்கணும். தண்ணி தேங்கற மாடின்னா முதல்ல வாட்டம் சரி பண்ணுங்க, இல்லேன்னா எந்த பெயின்ட்டும் உரிஞ்சு வரும். பிப்ரவரியில பண்றது நல்லது, அப்ப மழையும் இருக்காது, கத்திரி வெயிலும் வந்திருக்காது.

ஏசி பத்தி சுருக்கமா சொல்றேன். 26-ல வச்சு மேல ஃபேன மெதுவா ஓட விடுங்க, ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் கரன்ட் மிச்சம்னு எரிசக்தி சேமிப்புக்கான மத்திய அரசு அமைப்பே சொல்றாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஃபில்டர கழுவுங்க. புதுசு வாங்கறப்ப ஸ்டார் எண்ணிக்கைய மட்டும் பாக்காம லேபிள்ல போட்டிருக்கற வருஷத்தையும் பாருங்க, அளவுகோல அப்பப்ப இறுக்கறாங்க, பழைய அஞ்சு ஸ்டார் இன்னிக்கு அஞ்சு ஸ்டாரா இருக்காது.

அபார்ட்மென்ட்ல இருந்தா அடுத்தது காமன் ஏரியா, அதாவது மாடிப்படி லைட், மோட்டார் மாதிரி எல்லாருக்கும் பொதுவான கரன்ட் லைன். இந்த லைனுக்கு 100 யூனிட் இலவசமும் கிடையாது வீட்டு ஸ்லாப்பும் கிடையாது, முதல் யூனிட்லேருந்தே ரேட் அதிகம். லிஃப்ட் இல்லாம மூணு மாடிக்குள்ள பத்து வீட்டுக்குள்ள இருக்கற சின்ன அபார்ட்மென்ட்டுக்கு மட்டும் 2023-ல குறைச்சாங்க, உங்களுது அதுல வருதான்னு செக்ரட்டரிகிட்ட சொல்லி ஈபி ஆபீஸ்ல கேளுங்க. மாடிப்படிக்கு எல்ஈடியும் ஆள் வந்தா எரியற சென்சாரும் போடுங்க. டேங்க் நிறைஞ்சதும் மோட்டார் தானா நிக்கற கன்ட்ரோலர் அவசியம், வாட்ச்மேன் தூங்கிட்டாருன்னு அவர திட்டறதுல பிரயோஜனமில்ல.

தண்ணியும் கரன்ட் தான், இது பல பேருக்கு தோணறதில்ல. மீஞ்சூர்லயும் நெம்மேலிலயும் கடல் தண்ணிய குடிதண்ணியாக்கறாங்க, நெம்மேலில 2024-ல ரெண்டாவது ஆலையும் வந்தாச்சு, இந்த மாதிரி ஆலைல ஆயிரம் லிட்டருக்கு 3, 4 யூனிட் வரைக்கும் செலவாகும், அப்புறம் அத பம்ப் பண்ணி ஊருக்குள்ள கொண்டு வரணும், உங்க சம்ப்லேருந்து மேல ஏத்தணும். ஒழுகற ஃப்ளஷ் டேங்க்க இன்னிக்கே சரி பண்ணுங்க. 2003-லயே கட்டாயமாக்கின மழைநீர் தொட்டி உங்க வீட்டுலயும் இருக்கும், ஆகஸ்ட்டுல அத திறந்து மண்ண வாரி கூழாங்கல்ல கழுவி போடுங்க.

இப்ப சோலார். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள வர்ற வீடுன்னா அவசரமே இல்ல, அரசு குடுக்கற சலுகையே உங்களுக்கு போதும். 400-க்கு மேலன்னா போடுங்க. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேணும், சராசரியா நாளைக்கு 4 யூனிட் வரும். 2024-ல வந்த பிரதமரோட சூர்யகர் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-ம் அதுக்கு மேலயும் 78,000 ரூபா மானியம், அபார்ட்மென்ட் சங்கத்துக்கு காமன் ஏரியாவுக்கு கிலோவாட்டுக்கு 18,000. திட்டத்தோட போர்ட்டல்ல ஈபி நம்பர போட்டு அப்ளை பண்ணி, அங்க பதிவு ஆன வெண்டர் மூலமா மட்டும் போடணும், பேனல் இந்தியால செஞ்ச செல்லோட இருக்கணும், இல்லேன்னா மானியம் வராது. மானியம், நெட் மீட்டர் (நீங்க ஈபிக்கு அனுப்பற கரன்ட்டையும் எடுக்கற கரன்ட்டையும் சேத்து கணக்கு வைக்கற மீட்டர்) மாட்டி எல்லாம் முடிஞ்ச அப்புறம் தான் உங்க பேங்க் கணக்குக்கு வரும், அதனால முழு பணமும் முன்னாடியே கைல இருக்கணும், இல்ல லோன் போடணும். எங்கிட்ட ஒரு வெண்டர் மானியத்த கழிச்சிட்டு மீதி குடுங்க போதும்னு சொல்லிட்டு பாதி வேலைல கூடுதலா கேட்டாரு, எதையும் எழுத்துல வாங்கிக்கோங்க. ஸ்டாண்டு விஷயத்துல கறாரா இருங்க, வர்தா புயல் 2016-ல என்ன பண்ணுச்சுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், தளத்துல கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள்ள பசை ஊத்தி பிடிக்க வைக்கற போல்ட்) போட்டு இறுக்கணும், பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரம்னா நல்ல கால்வனைஸ் பண்ண இரும்பு இல்ல அலுமினியம். பத்து நாளைக்கு ஒரு தடவ விடிகாலைல வெறும் தண்ணி ஊத்தி தொடைங்க, வெயில் ஏறின அப்புறம் சூடான கண்ணாடில பச்சத்தண்ணி ஊத்தாதீங்க.

வெளிய போறதுக்கு மெட்ரோவும் பஸ்ஸும் இருக்கு, 2025 ஜூன் 30-லேருந்து வியாசர்பாடி டெப்போலேருந்து தாழ்தள எலக்ட்ரிக் பஸ் 120 ஓடுது, படியேற கஷ்டப்படற எங்கம்மா அதுல தான் போறாங்க.

குப்பைல ஒரே ஒரு வேலை, ஈரக் குப்பைய தனியா பச்சை தொட்டில போடுங்க. கலந்து போட்டா அது கொடுங்கையூர் இல்ல பெருங்குடி குப்பைமேட்டுக்கு போய் அடில அழுகி மீத்தேன் ஆகுது, நூறு வருஷ கணக்குல அது கார்பன் டை ஆக்ஸைட விட சுமார் 28 மடங்கு சூடேத்தும். 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பைமேடு நாள் கணக்குல எரிஞ்சப்ப சுத்தி இருந்தவங்க ஜன்னல திறக்க முடியாம கெடந்தாங்க. மாடில இடம் இருந்தா ஓட்டை போட்ட பழைய பக்கெட்டு ரெண்டு, கீழ காய்ஞ்ச இலை, மேல காய்கறித்தோலு, அது மேல திரும்பவும் இலை, வாரத்துக்கு ஒரு தடவ கிளறி விடுங்க. நாத்தம் வந்தா ஈரம் அதிகம்னு அர்த்தம், இன்னும் ரெண்டு கை காய்ஞ்ச இலை போடுங்க.