ஜனவரியில் எகிறிய மளிகைக் கணக்கு

மார்த்தாண்டத்தில் உள்ள எங்கள் வீட்டில், கிறிஸ்துமஸ் முடிந்துபோன ஜனவரி மாதத்தில் மளிகைச் செலவு எகிறி நின்றது. அரிசியைக் குறைத்தோம், கடையை மாற்றலாமா என்றும் யோசித்தோம். தேங்காய் எண்ணெய் விலைதான் காரணம் என்று மாமியார் அடித்துச் சொன்னார்கள். எதுவும் ஒத்துவரவில்லை.

கடைசியில் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தை வரிவரியாகப் பார்த்தபோது, கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து செய்ய வாங்கிய சிறுபயறும் கருப்பட்டியும், உறவினர் வீடுகளுக்குக் கொடுத்துவிட்ட கேக்கும் நேந்திரங்காய் சிப்ஸும் அன்றாடச் சரக்கோடு கலந்தே ஏறியிருந்தன. அவற்றுக்கான பணம் மட்டும் ஜனவரியில் போயிருந்தது. பணம் கொடுத்த நாளை விட்டுவிட்டு, பொருள் வாங்கிய நாளிலேயே செலவை எழுதி, அன்பளிப்பைத் தனிப் பத்தியில் போட்டதும் கணக்கு நேரானது. அப்பாடா என்றிருந்தது. ஓணத்துக்கு முன்பே, பண்டிகைச் சரக்குக்கென்று இன்னொரு பக்கம் திறக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.