மலேரியா ஒட்டுண்ணியின் குரோமோசோம் நுனியைத் திறந்து பார்ப்பது எப்படி? (63 எழுத்து வரி முறை)

காட்பாடி, வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்த்தொழில்நுட்பம் படிப்பவர்கள் புராஜெக்ட் காலத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இரத்தத்தில் மிகச் சொற்பமாக இருக்கும் மலேரியா கிருமியைப் பிடிக்க, பிசிஆரில் (டிஎன்ஏயின் ஒரு துண்டைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) குரோமோசோம் நுனியை ஏன் குறிவைக்கிறார்கள்? பதில் எண்ணிக்கையில் இருக்கிறது. வழக்கமாகத் தேடப்படும் 18எஸ் மரபணு ஒரு கிருமியில் ஒற்றை இலக்கப் பிரதிகளாகத்தான் இருக்கும். நுனியருகே உள்ள ‘டேர்-2’ என்னும் தொடரோ சுமார் 250 பிரதிகள். 2015இல் வெளியான ஆய்வொன்று இதைப் பயன்படுத்தி, பழைய முறையைவிடச் சுமார் பத்து மடங்கு நுட்பமாகக் கிருமியைக் கண்டறிந்து காட்டியது.

இதை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. தொடரைத் திறந்து நேரில் பார்த்துவிடுங்கள். மடிக்கணினியும் இணையமும் போதும்.

படி 1: தொடரை எடுத்தல்

மலேரியா ஒட்டுண்ணிகளின் மரபணுத் தரவுத்தளமான பிளாஸ்மோடிபி தளத்துக்குப் போய், பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் 3டி7 வகையின் குரோமோசோம் 1ஐத் தேர்ந்தெடுத்து, 1 முதல் 40,000 வரையுள்ள எழுத்துகளை (டிஎன்ஏயின் ஏ, டி, ஜி, சி) ஃபாஸ்டா என்னும் எளிய உரைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். ஏன் 40,000? இந்தக் குரோமோசோமில் முதல் புரத மரபணு 29,510ஆம் எழுத்தில்தான் தொடங்குகிறது. அது ஒரு ‘வார்’ மரபணு. அதற்கு முன்னால் இருப்பது முழுக்க நுனிப் பகுதி. முழு மரபணுத் தொகுதியையும் இறக்க வேண்டாம்; 14 குரோமோசோம்கள், ஏறத்தாழ 2.3 கோடி எழுத்துகள், இன்றைய வேலைக்குத் தேவையில்லை.

படி 2: தேடல் (இங்கேதான் எல்லோரும் நிற்பார்கள்)

பாடநூலில் இந்த ஒட்டுண்ணியின் டெலோமியர் (குரோமோசோமின் கடைசி நுனி) அலகு, அதாவது அங்கே திரும்பத் திரும்ப வரும் துண்டு, ஜி-ஜி-ஜி-டி-டி-டி-ஏ என்று இருக்கும். ஆறாவது இடத்தில் சில சமயம் டி-க்குப் பதில் சி வரும். மனிதனுக்கு ஆறெழுத்து, இதற்கு ஏழெழுத்து. சரி என்று கோப்பைத் திறந்து ஜி-ஜி-ஜி-டி-டி-டி-ஏ என்று தேடினால், நுனியில் ஒன்றும் அகப்படாது. கோப்பு பழுது என்று நினைத்துத் திரும்ப இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். கோப்பில் பழுதில்லை.

தரவுத்தளம் இரட்டை இழையில் ஒன்றை மட்டுமே, ஒரே திசையில் எழுதிக் கொடுக்கிறது. வலது நுனியில் அந்த இழையே ஜி மிகுந்த இழை. இடது நுனியில் ஜி மிகுந்தது எதிர் இழை; நமக்குத் தெரிவது அதன் இணை. ஆகவே அலகைப் பின்னிருந்து படித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் இணை எழுத்தைப் (ஏ-க்கு டி, ஜி-க்கு சி) போடுங்கள். கிடைப்பது டி-ஏ-ஏ-ஏ-சி-சி-சி. சி வரும் மாற்று வடிவம் டி-ஜி-ஏ-ஏ-சி-சி-சி ஆகிவிடும். இப்போது தேடுங்கள், முதல் வரியிலேயே வரிசையாக வந்து நிற்கும்.

இத்துடன் இன்னொரு குழப்பம். மென்பொருள் ஒருமுறை ஏ-ஏ-சி-சி-சி-டி-ஏ என்று காட்டும், மறுமுறை சி-சி-சி-டி-ஏ-ஏ-ஏ என்று காட்டும். இரண்டும் ஒன்றேதான். ஆரணிப் பட்டின் கரையில் மாங்காய், மயில், ருத்திராட்சம் என்று மாறி மாறி வந்தால், மயிலிலிருந்து எண்ணினாலும் மாங்காயிலிருந்து எண்ணினாலும் நெய்த அச்சு ஒன்றுதானே? தொடக்கம் எங்கே என்று தொடரில் எழுதி வைத்திருக்காது. ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு வடிவத்தைத் தேர்ந்து, கடைசிவரை அதையே எழுதுங்கள்.

படி 3: வரியின் அகலத்தை 63 ஆக்குதல்

ஃபாஸ்டா கோப்புகள் பெரும்பாலும் வரிக்கு 60 எழுத்து என்று உடைத்து வரும். 60 ஏழால் வகுபடாது. அதனால் ஒவ்வொரு வரியிலும் அலகு நகர்ந்துபோய், திரும்பத் திரும்ப வரும் தொடர் கண்ணுக்கு வெறும் எழுத்துக் குவியலாகத் தெரியும். சீக்கிட் என்ற சிறு மென்பொருளில் வரி அகலத்தை 63 என்று கொடுங்கள். 63 ஏழாலும் வகுபடும், இருபத்தொன்றாலும் வகுபடும். பிறகு எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொண்ட எழுத்துருவில் திறந்தால், ஒற்றை ஜி-க்கள் விலகி நிற்கும் இடங்கள் உட்பட, டெலோமியர் செங்குத்துப் பட்டைகளாக எழுந்து நிற்கும். ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும் இடத்தில் பட்டை முறிந்து பக்கவாட்டில் நகரும். அதுவும் பார்க்கத் தக்கது. அச்சிட்டு ஒட்டிவைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போடுங்கள் என்பேன். எந்த வண்ணப் படத்தையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

இருபத்தொன்று எதற்கு? டெலோமியரைத் தாண்டி உள்ளே வந்தால் டேர்-1 முதல் டேர்-6 வரை ஆறு வகைத் தொடர்கள் ஒரே ஒழுங்கில் வருகின்றன. ஆறாவதற்கு ‘ரெப்20’ என்ற பழைய பெயரும் உண்டு. பெயரில் 20 இருந்தாலும் அதன் அலகு 21 எழுத்து. அலகுகள் ஒன்றுபோல் ஒன்று அச்சாக இருக்காது. பட்டை மங்கலாகத்தான் தெரியும்.

படி 4: டேண்டம் ரிப்பீட்ஸ் ஃபைண்டர்

அடுத்தடுத்துத் திரும்ப வரும் தொடர்களைத் தேடித் தருவதற்கு 1999இல் கேரி பென்சன் வெளியிட்ட மென்பொருள். இன்றும் இதையே பயன்படுத்துகிறேன். அளவுகள் 2, 7, 7, 80, 10, 50, 500. மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

முடிவைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஒரே இடத்தை இது 7, 14, 21 என்று பல அலகு நீளங்களில் காட்டக்கூடும். 21ஐப் பார்த்ததும் ரெப்20 என்று எழுதிவிடாதீர்கள். அந்த அலகுக்குள் சி-சி-சி மும்முறை வருகிறதா, இடம் கோப்பின் தொடக்கமா என்று பாருங்கள். அப்படியானால் அது மூன்று டெலோமியர் அலகுகள் சேர்ந்தது. இன்னொன்று: இந்த ஒட்டுண்ணியின் டிஎன்ஏயில் ஏ, டி மட்டுமே 80 சதவீதத்துக்கு மேல். எனவே ஏ-டி-ஏ-டி என்று சிறு சிறு தொடர்கள் எங்கும் சிக்கும். மதிப்பெண் குறைந்தவற்றைப் புறந்தள்ளுங்கள்.

பிளாஸ்ட் (ஒத்த தொடர்களைத் தேடும் கருவி) மூலம் தேடுவோர், எளிய தொடர்களை மறைக்கும் வடிகட்டியை அணைத்துவிட்டுத் தேடவும். இல்லையென்றால் தேடும் பொருளையே அது மறைத்துவிடும்.

சேர்க்கை 1: குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர், சாதாரண எடிட்டரில் தேடும்போது எண்ணிக்கை குறைவாக வருவதாக எழுதியிருந்தார். காரணம் வரி உடைப்பு. அலகு பாதி இந்த வரியிலும் மீதி அடுத்த வரியிலும் இருந்தால் எடிட்டர் அதைக் கண்டுகொள்ளாது. எண்ணுவதற்கு மட்டும் எல்லா வரிகளையும் ஒன்றாக இணைத்துவிடுங்கள்; பார்ப்பதற்கு 63.

சேர்க்கை 2: வலது நுனி கேட்டவர்களுக்கு. குரோமோசோம் 1இன் நீளம் 6,40,851 எழுத்துகள். 6,00,852 முதல் கடைசி வரை எடுங்கள். அங்கே ஜி-ஜி-ஜி-டி-டி-டி-ஏ நேராகவே கிடைக்கும்.

சேர்க்கை 3: ‘இன்னொரு மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் நோலெசியில் இதே தொடர் குரோமோசோமின் நடுவிலும் வருகிறதே, தொகுப்பில் பிழையா?’ என்று ஒரு மாணவி கேட்டார். பிழையல்ல. அந்த இனத்தில் டெலோமியர் போன்ற தொடர்கள் உள்ளேயும் சிதறிக் கிடக்கின்றன; 2008இல் அதன் மரபணுத் தொகுதி வெளியானபோதே குறிப்பிட்டார்கள். நோலெசியை எடுப்பவர்கள் தொடரை மட்டும் நம்பாமல், அது கோப்பில் எத்தனையாவது எழுத்தில் இருக்கிறது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.