அட்வான்ஸ் கரைவதற்குள்: வாடகை தராத குடித்தனக்காரரிடம் என்ன செய்வது

வேலூர் சத்துவாச்சாரியில் மாதம் 9,000 ரூபாய்க்கு விட்ட ஒரு மாடி போர்ஷனை எடுத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 27,000. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் கணக்கு. அதே சட்டப்படி, வாடகை பாக்கி என்று சொல்லிக் காலி செய்யக் கேட்க இரண்டு மாத நிலுவை இருக்க வேண்டும். அதைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். இரண்டும் ஒன்றும் மூன்று. ஒரு நாள்கூட வீணாக்காமல் ஓடினாலும், நீங்கள் கோர்ட்டுப் படியேறும் அன்று அந்த 27,000 கணக்கில் தீர்ந்திருக்கும். "அட்வான்ஸ்தான் கையில இருக்கே" என்று முதல் இரண்டு மாதத்தைச் சும்மா விடுபவர், அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு மாதத்தையும் கைக்காசிலிருந்துதான் கொடுக்கிறார். சுவரில் ஆணி அடித்த ஓட்டைக்கும் உடைந்த குழாய்க்கும் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே வாடகை தேதி 5 என்றால் 6ஆம் தேதியே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள். கோபம் வேண்டாம், தேதியும் தொகையும் போதும்: "தம்பி, பிப்ரவரி வாடகை 9,000, பராமரிப்பு 500 இன்னும் வரல. எந்தத் தேதியில அனுப்புவீங்கன்னு சொல்லுங்க." பதிலாக "அக்கா, இந்த மாசம் கொஞ்சம் டைட்டு, 20ஆம் தேதி தர்றேன்" என்று வந்தால், பாக்கி இருப்பதை அவரே ஒப்புக்கொண்டதற்கு அது ஒரு சான்று. போனில் மட்டும் பேசினால் இது கிடைக்காது. செய்திகளை அழிக்காதீர்கள்.

பாதிப் பணம் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "முழுசாக் குடு, இல்லன்னா வேண்டாம்" என்று திருப்பி அனுப்புவது வீறாப்புக்குச் சரி, வழக்குக்கு ஆகாது. வீட்டுக்காரர் வாங்க மறுத்தால், வாடகையை இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் கட்டிவிட்டுப் போக குடித்தனக்காரருக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிறகு வாடகை தராதவர் அவரல்ல, வாங்காதவர் நீங்கள் என்றாகிவிடும். வாங்கும்போது ரசீதில் "பிப்ரவரி நிலுவையில் வரவு 3,000" என்று எந்த மாதத்துக்கு என்பதை எழுதுங்கள். நோட்டீஸ் கொடுத்த பிறகு வரும் பணம் என்றால் "நோட்டீஸில் கண்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொண்டது" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால், நோட்டீஸை நீங்களே கைவிட்டதாக எதிர்த்தரப்பு வக்கீல் வாதிடுவார்.

இனி, செய்யக் கூடாதது. சித்திரை வெயிலில் மோட்டாரை நிறுத்தினால் இரண்டே நாளில் ஓடிவிடுவார் என்று பக்கத்து வீட்டில் யோசனை சொல்வார்கள். தண்ணீர், கரண்ட், மாடிப்படி விளக்கு, வண்டி நிறுத்துமிடம், கழிவுநீர் வசதி எதையும் வாடகை பாக்கியைக் காட்டி நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமையில்லை. பூட்டை மாற்றி வெளியே நிறுத்தினால் இன்னும் மோசம்: ஆறு மாதத்துக்குள் அவர் வழக்குப் போட்டால், வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல் கோர்ட்டு அவரைத் திரும்பக் குடிவைக்கும். காவல் நிலையத்துக்கும் காலி செய்ய வைக்கும் அதிகாரம் கிடையாது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் மனு கொடுப்பவர்களும் உண்டு. கோர்ட்டுக்குப் போங்கள் என்பதைத் தவிர அங்கிருந்து வேறு பதில் எதிர்பார்க்க முடியாது.

இ.பி. மட்டும் தனிக் கவலை. சர்வீஸ் உங்கள் பேரில் இருப்பதால் அவர் கட்டாத பில் உங்கள் தலையில் விழும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் நம்பரைப் போட்டு நிலுவை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் கட்டிவிட்டு ரசீதைப் பாக்கிக் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது மாத வாடகைத் தேதி தாண்டியதும் நோட்டீஸ். வக்கீல் மூலம் அனுப்புவது நல்லது, ஆனால் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். பிப்ரவரி வாடகை 9,000, மார்ச் வாடகை 9,000, பராமரிப்பு 1,000, ஆக 19,000. மார்ச் 20 அன்று ஜிபேயில் வந்த 3,000 போக நிலுவை 16,000. ஒப்பந்தத்தில் தாமத வட்டி எழுதியிருந்தால் அதையும் தனி வரியாகக் காட்டுங்கள். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் வர வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். தொகையில் ஒரு மாத வாடகையைக் கூட்டிப் போட்டுவிட்டால், வழக்கின் பாதி நேரம் அந்தக் கூட்டலுக்காகச் சண்டை போட்டே தீரும்.

நோட்டீஸில் கையெழுத்து கட்டாயம். ஸ்பீட் போஸ்ட்டில், பட்டுவாடா ஆனதற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் அவரிடமோ வீட்டிலிருக்கும் குடும்பத்தாரிடமோ கையெழுத்து வாங்குங்கள். இரண்டும் முடியாதபோது கதவில் ஒட்டி, தேதி தெரியப் படமெடுத்து வையுங்கள். கவர் "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்தால் அதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். தபால்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே கோர்ட்டுக்குப் போக வேண்டிய பொருள் அது.

அந்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுப் பாக்கியையும் உங்களிடமோ கோர்ட்டிலோ கட்டிவிட்டால் காலி செய்யும் உத்தரவு கிடைக்காது. பணம் வந்ததே என்று சந்தோஷப்படுங்கள். ஆனால் இந்தச் சலுகை ஒருமுறைதான்: அதன்பின் ஒரு வருடத்தில் மறுபடியும் தொடர்ந்து இரண்டு மாதம் நிறுத்தினால் திரும்பக் கேட்க முடியாது. முதல் நோட்டீஸின் நகலைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

பணம் வரவில்லை என்றால் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம். போக வேண்டியது வாடகை நீதிமன்றம். இங்கேதான் பலருக்குச் சறுக்குகிறது. நகர்ப்புறத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் இணையதளம் வழியாகப் பதிவாகியிருக்க வேண்டும். பதினொரு மாதத்துக்குப் பத்திரத்தாளில் எழுதி நோட்டரி முத்திரை குத்தினால் போதும் என்பது பழைய பழக்கம். பதினொரு மாத ஒப்பந்தத்துக்கும் இந்தப் பதிவு தேவை. பதிவு எண் இருந்தால் ஒப்பந்தம், நோட்டீஸ், தபால் சான்று, வரவுக் கணக்கு, வீட்டு வரி ரசீது ஆகியவற்றோடு பாக்கியைக் காரணம் காட்டி மனுப் போடலாம். வாய்வார்த்தையில் விட்ட வீடென்றால், வாடகையை நிறுத்தியவர் இப்போது வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டார். அப்போது, எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வரும்படி நோட்டீஸ் அனுப்பி, அவர் வராததையே காரணமாக வைத்து மனுப் போடும் பிரிவு இதே சட்டத்தில் இருக்கிறது. அனுபவமுள்ள வக்கீல் அந்த வழியாகத்தான் போவார். வீடு மாநகராட்சிக்கு வெளியே கணியம்பாடி, அணைக்கட்டுப் பக்கம் கிராம ஊராட்சியில் இருந்தால் பாதையே வேறு: மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு.

வக்கீல் செலவுக்குத் தயங்குபவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச உதவி உண்டு. வழக்குக்கு முந்தைய சமரசமும் அங்கேயே நடக்கும். லோக் அதாலத்தில் முடிந்தால் அது தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. எங்கள் கணிப்பில், நான்கு மாதப் பாக்கியில் இரண்டை விட்டுக்கொடுத்தாவது ஒரு தேதிக்குள் சாவியை வாங்குவது, முழுத் தொகைக்கும் வருடக்கணக்கில் அலைவதைவிட லாபம். பேரம் பேசும்போது, குடித்தன உரிமை முடிந்த பிறகும் காலி செய்யாதவர் இரட்டிப்பு வாடகை தர வேண்டியிருக்கும் என்பதை நினைவூட்டுங்கள்.

காட்பாடி, பிரம்மபுரம் பக்கம் கல்லூரிப் பையன்களுக்கு விட்டவர்களுக்கு வேறு தலைவலி: பரீட்சை முடிந்ததும் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள், கட்டிலும் ஃபேனும் உள்ளே கிடக்கும். பூட்டை உடைக்காதீர்கள். "வீட்டை ஒப்படைத்துவிட்டேன், உள்ளே உள்ள பொருட்கள் எனக்கு வேண்டாம்" என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். பெற்றோர் நம்பரை ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருந்தால் இது ஒரே போனில் முடியும். பேச்சே கிடைக்காவிட்டால் கோர்ட்டு உத்தரவோடு அமீனா (உத்தரவை நிறைவேற்றும் கோர்ட்டு ஊழியர்) வந்துதான் திறக்க வேண்டும்.

சாவி கைக்கு வரும் நாளில் இ.பி. மீட்டர் ரீடிங், ஒவ்வொரு அறையின் வீடியோ, அட்வான்ஸில் கழித்தது எவ்வளவு, எதற்காக என்ற கணக்கு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மீதி ஏதாவது இருந்தால் ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாக அனுப்புங்கள்.