காயின் செல்லுல ஓடுற தெர்மோகப்புள் ஆம்ப் டிசைன் பண்றது எப்படி

லோ பவர் ஆப்-ஆம்ப் (சின்ன சிக்னல பெருக்குற ஐசி) வேணும்னா எல்லாரும் டேட்டாஷீட் மொத பக்கத்துல குவையசன்ட் கரண்ட் (ஐசி சும்மா இருக்குறப்பவே இழுக்குறது) எவ்ளோன்னு மட்டும் பாத்துட்டு ஆர்டர் போட்டுடுறாங்க, அப்புறம் போர்டு கட்டி மீட்டர் வச்சா மூணு மடங்கு இழுக்குது. ஐசி மேல தப்பே இல்ல, அத சுத்தி நாம போட்ட ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும்தான் குடிக்குது. ஒரே ஒரு சர்க்யூட்ட எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் கணக்கு போட்டு பாத்துடலாம்: கே டைப் தெர்மோகப்புள் (சூட்டுக்கு ஏத்த மாதிரி குட்டி வோல்டேஜ் குடுக்குற ரெண்டு உலோக வயர்), 0 லேந்து 400 டிகிரி, சிஆர்2032 காயின் செல் ஒண்ணு, மைக்ரோகன்ட்ரோலரோட ஏடிசிக்கு (வோல்டேஜ நம்பரா மாத்துற பகுதி) சிக்னல் போகணும்.

மொதல்ல பட்ஜெட். சிஆர்2032ல சுமாரா 225 மில்லிஆம்ப் அவர் இருக்கும், ஒரு வருஷத்துக்கு 8760 மணி நேரம், வகுத்தா சராசரி 25 மைக்ரோஆம்ப்தான் வருது, அதுலதான் மைக்ரோகன்ட்ரோலர், டிஸ்ப்ளே, ரேடியோ எல்லாம் ஓடணும். அனலாக் பக்கத்துக்கு 2 மைக்ரோஆம்ப்னு வச்சுக்கோங்க.

அடுத்து ஆஃப்செட், அதாவது இன்புட் ஜீரோவா இருந்தாலும் ஐசி தானா சேக்குற குட்டி வோல்டேஜ், இங்கதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க. கே டைப் ஒரு டிகிரிக்கு சுமாரா 41 மைக்ரோவோல்ட்தான் குடுக்கும். சாதாரண ஆப்-ஆம்ப் எல்எம்358ல ஆஃப்செட் 7 மில்லிவோல்ட் வரைக்கும் போகலாம், அப்படின்னா 170 டிகிரி தப்பு. சரி, லோ பவர்னு எம்சிபி6041 போட்டா கரண்ட் 600 நானோஆம்ப்தான், அருமை, ஆனா ஆஃப்செட் 3 மில்லிவோல்ட் வரைக்கும், அது 73 டிகிரி. கேலிப்ரேட் பண்ணி கழிச்சுடலாமேன்னு தோணும், ஆனா ரூம் சூடாகும்போது ஆஃப்செட்டும் நகரும், மத்தியானம் ஒரு ரீடிங் ராத்திரி ஒரு ரீடிங்னு ஆயிடும். அதனால ஜீரோ-ட்ரிஃப்ட் வகை, அதாவது தன் ஆஃப்செட்ட தானே சரி பண்ணிக்குற ஐசிதான் எடுக்கணும். ஓபிஏ333 மேக்ஸிமம் ஆஃப்செட் 10 மைக்ரோவோல்ட், அதாவது கால் டிகிரி, ஆனா 17 மைக்ரோஆம்ப் இழுக்கும். எல்பிவி821க்கும் அதே 10 மைக்ரோவோல்ட்தான், கரண்ட் வெறும் 650 நானோஆம்ப். இதுக்கு நாம குடுக்குற விலை ஸ்பீடு: ஓபிஏ333க்கு கெயின்-பேண்ட்வித் (எத்தன மடங்கு பெருக்குது, எவ்ளோ வேகம், ரெண்டையும் பெருக்குனா வர்ற எல்லை) 350 கிலோஹெர்ட்ஸ், எல்பிவி821க்கு 8 கிலோஹெர்ட்ஸ். நாய்ஸும் கொஞ்சம் கூட, ஆனா அது 0.1 டிகிரி அளவுலதான், நம்ம வேலைக்கு ஒண்ணும் கெட்டுப்போகாது.

இப்ப கெயின், அதாவது எத்தன மடங்கு பெருக்கணும்னு முடிவு பண்ற ரெண்டு ரெசிஸ்டர். 400 டிகிரில தெர்மோகப்புள் 16.4 மில்லிவோல்ட் குடுக்கும், கெயின் 101 வச்சா 1.656 வோல்ட் வரும். பழக்கத்துல 1 மெக் (மெகாஓம்), 10 கே (கிலோஓம்) போடுவோம், அதுக்குள்ள மட்டும் 1.64 மைக்ரோஆம்ப் போகுது. ஐசி குடிக்குறதுல இது ரெண்டரை மடங்கு! அப்போ 10 மெக், 100 கே போட்டுடலாமான்னா கரண்ட் 0.16க்கு இறங்கும்தான், ஆனா 10 மெக்ல 0.1 சதவீதம் டாலரன்ஸ் கிடைக்குறது கஷ்டம், 1 சதவீதம் போட்டா 400 டிகிரில 8 டிகிரி வரைக்கும் தப்பு வரும், போதாக்குறைக்கு போர்டு மேல இருக்குற ஃப்ளக்ஸ் அழுக்கே அதுக்கு பேரலல் ரெசிஸ்டர் மாதிரி வேலை செய்யும். என் சாய்ஸ் 4.99 மெக், 49.9 கே. கெயின் கரெக்டா 101, கரண்ட் 0.33 மைக்ரோஆம்ப். 49.9 கே ரெசிஸ்டரோட சொந்த நாய்ஸ் சுமாரா 28 நானோவோல்ட் பெர் ரூட் ஹெர்ட்ஸ், எல்பிவி821ஓட நாய்ஸுக்கு முன்னாடி அது காணாம போயிடும். ஸ்லோவான, நாய்ஸ் கூடுன ஐசிக்கு பெரிய ரெசிஸ்டர் தாங்கும்ங்குறது லோ பவர் டிசைன்ல ஒரு நல்ல விஷயம்.

சிங்கிள் சப்ளைல இன்னொரு சிக்கல். ரயில்-டு-ரயில்னு போட்டிருந்தாலும் அவுட்புட் முழு ஜீரோவுக்கு இறங்காது, சில மில்லிவோல்ட்ல நின்னுடும், தெர்மோகப்புள் முனை கனெக்டர விட குளிர்ச்சியா இருந்தா சிக்னல் மைனஸ்ல வேற போகும். அதனால தெர்மோகப்புளோட மைனஸ் வயரையும் 49.9 கேவோட கீழ் முனையையும் கிரவுண்ட்ல குடுக்காம 0.2 வோல்ட் பயஸ்ல (கிரவுண்டுக்கு கொஞ்சம் மேல தூக்கி வச்ச பாயின்ட்) குடுங்க. 10 மெக்கும் 715 கேவும் வச்சு டிவைடர், 0.28 மைக்ரோஆம்ப், அதுக்கு பின்னாடி கட்டாயம் ஒரு பஃபர் (வோல்டேஜ மாத்தாம அப்படியே குடுக்குற ஆப்-ஆம்ப்), டிவைடர நேரா குடுத்தா கெயினே மாறிடும். இந்த பஃபருக்கு காஸ்ட்லி ஐசி தேவையே இல்ல, ரெண்டு வயரும் அதே பாயின்ட்லதான் உக்காந்திருக்கு, அதோட ஆஃப்செட் சிக்னல்ல சேராது, அப்ப நாம ஒதுக்கி வச்ச எம்சிபி6041 இங்க தாராளமா போதும். பயஸ் பாயின்ட்டையும் ஏடிசில ஒரு சேனல்ல படிச்சு கழிச்சுடுங்க, பேட்டரி இறங்குனாலும் பிரச்சன இல்ல. ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, தெர்மோகப்புள் முனை இன்சுலேட் ஆனதா இருக்கணும், கிரவுண்ட் ஆன இரும்புல தொட்டா பயஸ் ஷார்ட் ஆயிடும்.

மொத்தம் கூட்டுங்க: 0.65, 0.33, 0.6, 0.28. 1.86 மைக்ரோஆம்ப். பட்ஜெட்டுக்குள்ள வந்துட்டோம்.

இன்புட்ல ஃபில்டர் வேணும், 10 கே, 100 நானோஃபாரட் போதும். 100 கேனு ஏத்திடாதீங்க. ஜீரோ-ட்ரிஃப்ட் ஐசிங்க உள்ள ஸ்விட்ச் அடிச்சுக்கிட்டே இருக்குறதால இன்புட்ல குட்டி குட்டி கரண்ட் வரும், ஓபிஏ333க்கு மேக்ஸிமம் 200 பிகோஆம்ப், அது 100 கேல போனா 20 மைக்ரோவோல்ட், காசு குடுத்து வாங்குன ஆஃப்செட் எல்லாம் போச்சு. வயர் அறுந்துருச்சான்னு கண்டுபிடிக்க 10 மெக் புல்-அப் (சப்ளை பக்கம் இழுக்குற ரெசிஸ்டர்) போடுறவங்க அத ஃபில்டருக்கு முன்னாடி, தெர்மோகப்புள் பக்கம் போடுங்க. ஃபில்டருக்கு பின்னாடி போட்டா 0.3 மைக்ரோஆம்ப் 10 கே வழியா போய் 3 மில்லிவோல்ட் தப்பு, எழுபது டிகிரிக்கு மேல. அதையும் மைக்ரோகன்ட்ரோலர்ல ஆன் ஆஃப் பண்ணக்கூடிய ஒரு ஜிபிஐஓ பின்லேந்து குடுத்து செக் பண்றப்ப மட்டும் ஆன் பண்ணுங்க.

ஏடிசி பக்கம் அவுட்புட்ல நேரா கெப்பாசிட்டர் வச்சா ஆசிலேட் ஆக வாய்ப்பு இருக்கு, நடுவுல 10 கே போட்டுட்டு ஏடிசி பின்ல 10 நானோஃபாரட் வைங்க. ஏடிசி சாம்பிள் எடுக்குறப்ப வர்ற குலுக்கல அந்த கெப்பாசிட்டரே தாங்கிக்கும்.

அப்போ ஓபிஏ333ய ஆன் ஆஃப் பண்ணி ஓட்டலாமேன்னு கேப்பீங்க. ஓட்டலாம், செகண்டுக்கு 10 மில்லிசெகண்ட் ஆன் பண்ணா சராசரி 0.17 மைக்ரோஆம்ப்தான் வரும். ஆனா சப்ளை பின்ல இருக்குற 100 நானோஃபாரட் பைபாஸ் ஒவ்வொரு தடவையும் காலியாகி 3 வோல்டுக்கு நிரம்பணும், அதுவே 0.3 மைக்ரோஆம்ப், ஐசிய விட கெப்பாசிட்டர் கூட குடிக்குது. நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் போதும்னா இந்த வழிதான் பெஸ்ட், யோசிக்காம 1 மெக், 10 கே ரெசிஸ்டரே போடலாம், டாலரன்ஸும் நல்லதா கிடைக்கும். செகண்டுக்கு ஒரு தடவைனா எல்பிவி821 எப்பவும் ஆன்லயே இருக்கட்டும். 8 கிலோஹெர்ட்ஸ கெயின் 101ஆல வகுத்தா அதுக்கு பேண்ட்வித் 79 ஹெர்ட்ஸ்தான், 12 பிட்டுக்கு செட்டில் ஆக கிட்டத்தட்ட 20 மில்லிசெகண்ட் எடுக்கும், மல்டிபிளெக்ஸர் வச்சு சேனல் மாத்துறவங்க அவ்ளோ நேரம் காத்திருக்கணும்.

கோல்ட் ஜங்ஷனுக்கு (தெர்மோகப்புள் வயர் போர்டுல சேர்ற இடம், அதோட சூட்டையும் கணக்குல சேக்கணும்) கனெக்டர் பக்கத்துலயே ஒரு டெம்பரேச்சர் சென்சார், அது 1 டிகிரி தப்பு காட்டுனா இவ்ளோ நேரம் பேசுன கால் டிகிரிக்கு அர்த்தமே இல்ல. ரெண்டு இன்புட் ட்ராக்கும் பக்கத்து பக்கத்துல, ஒரே மாதிரி போகட்டும், சூடாகுற பார்ட்ஸ்லேந்து தள்ளி வைங்க. சோல்டர் பண்ணி முடிச்சதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வச்சு நல்லா தேச்சு கழுவுங்க, சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல இது ரொம்ப முக்கியம்.

டெஸ்ட் பண்றது சுலபம். கனெக்டர்ல செப்பு வயர் வச்சு ஷார்ட் பண்ணுங்க, பயஸுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல 1 மில்லிவோல்டுக்கு மேல இருக்கக்கூடாது, 5 காட்டுனா திரும்ப கழுவுங்க. 4.99 மெக் பக்கத்துல மட்டும் மீட்டர் முனைய வைக்காதீங்க, சாதாரண மீட்டர் உள்ளயே 10 மெக்தான், ரீடிங் சாஞ்சுடும். கரண்ட் பாக்க அனலாக் சப்ளை லைன்ல மட்டும் 1 கே சீரீஸ்ல போட்டு அதுக்கு குறுக்க மில்லிவோல்ட் படிங்க, ஒரு மில்லிவோல்ட்னா ஒரு மைக்ரோஆம்ப். ஷார்ட் பண்ணி வச்சிருக்குறப்ப ஒண்ணரை பக்கத்துல வரணும், பத்து காட்டுனா மொதல்ல ஏடிசி பின்ல மைக்ரோகன்ட்ரோலரோட இன்டர்னல் புல்-டவுன் (கிரவுண்ட் பக்கம் இழுக்குற ரெசிஸ்டர்) ஆன்ல இருக்கான்னு பாருங்க, அப்பவும் இறங்கலனா ஆம்ப் எங்கயாவது ஆசிலேட் ஆகுதான்னு ஸ்கோப் வச்சு பாருங்க.