சொஃப்ட்போல் விண்ட்மில் வீச்சு: எனக்கு நாலு மாதம் பிடிபடாத இடுப்புப் படி

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் சொஃப்ட்போல் என்றதும் கனபேருக்கு ரெனிஸ் பந்தில் ஆடும் மென்பந்து கிரிக்கெட்தான் ஞாபகம் வரும். இது அது இல்லை. பிட்சர் (பந்து வீசுபவர்) கையைக் காற்றாலை போல ஒரு முழு வட்டம் சுழற்றி, இடுப்புக்குக் கீழே பந்தை விடுகிற ஃபாஸ்ட்பிட்ச் சொஃப்ட்போல். அந்தச் சுழற்றலுக்குத்தான் விண்ட்மில் என்று பெயர். விளையாட்டின் மற்ற விதிகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. எல்லே (இலங்கையின் மட்டைப்பந்து ஆட்டம்) ஆடியவர்களுக்கு அதில் பாதி பார்த்தவுடனே விளங்கிவிடும். வீச்சை மட்டும் பார்ப்போம்.

நான் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடியவள். 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் ஜப்பானின் யுகிகோ உவேனோ வீசியதைப் பார்த்த அன்றுதான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. அவருக்கு அப்போது 39 வயது. அமெரிக்காவை 2-0 என்று வென்றார்கள். அடுத்த கிழமையே திருகோணமலை உவர்மலையில் எங்கள் வளவுக்குள் வலையைக் கட்டிப் பழகத் தொடங்கினேன். சொல்லித்தர ஆள் இல்லை, வீடியோக்கள்தான். நாலு மாதம் பிழையாகப் பழகினேன். அந்தப் பிழையை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை

பந்து: 12 அங்குலச் சுற்றளவுள்ள மஞ்சள் பந்து, நிறை 178 முதல் 198 கிராம் வரை. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் 11 அங்குலப் பந்து. ரெனிஸ் பந்தில் பழக வேண்டாம். பிடியும் பாரமும் வேறு, கை பிழையான கணக்கைப் பழகிவிடும். மூன்று பந்து இருந்தால் போதும். ஒரு பந்தைச் சுற்றி ஒரு வரி கறுப்பு ரேப் ஒட்டுங்கள். பந்து எப்படிச் சுழல்கிறது என்பதை அந்தக் கோடு காட்டிக் கொடுக்கும்.

வலை: கடையில் வாங்கத் தேவையில்லை. பழைய நைலோன் மீன்வலையை இரண்டு மடிப்பாக இரண்டு மரங்களுக்கிடையே தொய்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் பந்து திரும்பி உங்கள் முழங்காலுக்கே வரும். பந்தின் விட்டம் கிட்டத்தட்ட 9.7 சென்ரிமீற்றர், வலைக்கண் அதைவிடச் சின்னதாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் ஓர் உரப்பையைத் தொங்கவிட்டால் அதுதான் இலக்கு.

கயிறு: பெண்களுக்கான வீச்சுத் தூரம் 43 அடி, அதாவது 13.11 மீற்றர். ஆண்களுக்கு 46 அடி. ஒரு கயிற்றில் 3, 6, 9, 13.11 மீற்றரில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இழுத்து விரித்தால் நேர்கோடும் அதுவே.

போன்: மெதுவாக ஓடும் வீடியோ எடுக்கக்கூடிய எந்தப் போனும் சரி. கதிரையில் வைத்து ஒரு செங்கல்லைச் சாத்திவிட்டால் நிற்கும். பழகுபவர்கள் வேகம் அளக்கும் கருவிக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாரம் கூட்டிய பயிற்சிப் பந்தும் வேண்டாம். போன் ஒன்றே போதும்.

படி 1: நிற்பதும் பிடிப்பதும்

பிட்சர் கால் வைத்து நிற்கும் வீச்சுப் பலகை 61 சென்ரிமீற்றர் நீளம், 15 சென்ரிமீற்றர் அகலம். அதே அளவில் ஒரு மரப்பலகையைத் தரை மட்டத்துக்குப் புதைத்தேன். வலதுகைக்காரர் வலது காலைப் பலகையின் முன் விளிம்பிலும் இடது காலைப் பின் விளிம்பிலும் வையுங்கள். பந்தின் தையல் குதிரை லாடம் போல வளைகிற இடத்தில் விரல் நுனிகள் குறுக்கே விழட்டும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். பிடியில் இவ்வளவுதான்.

படி 2: வட்டம்

உங்கள் வலப்பக்கத்தில் ஒருவர் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணுக்கு உங்கள் கை ஒரு மணிக்கூடு. கேட்சர் (எதிரே இருந்து பந்தைப் பிடிப்பவர்) பக்கம் 3 மணி, தலைக்கு மேலே 12, முதுகுப் பக்கம் 9, தொடையருகே 6. கை 3 இலிருந்து 12, 12 இலிருந்து 9, பிறகு 6 என்று இறங்கும். மேலே ஏறும்போது உடம்பு பக்கவாட்டில் திறந்துகொள்ளும். தோள் தளர்வாக இருக்க வேண்டும். கை ஒரு கயிறு, நுனியில் பந்து கட்டியிருக்கிறது என்று நினையுங்கள்.

படி 3: இடுப்பு (இங்கேதான் நான் விழுந்தேன்)

நான் முதலில் பார்த்த பாடத்தில் இப்படிச் சொல்லியிருந்தார்கள்: கை 9 மணியில் இருக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும், பந்தைக் கீழே தள்ளிக்கொண்டு வா, கடைசியில் மணிக்கட்டைச் சுண்டு, முழங்கையைக் கேட்சர் பக்கம் உயர்த்தி முடி. நானும் அப்படியே செய்தேன். பந்து உரப்பைக்கு மேலால் பறந்தது. அல்லது என் காலடியிலேயே குத்தியது. நாலாவது மாதம் தோளின் முன்பக்கம் நோகத் தொடங்கிவிட்டது.

ஒரு நாள் இரவு என் வீடியோவை ஒரு போனிலும் உவேனோவின் வீடியோவை இன்னொன்றிலும் போட்டு, ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். 9 மணியில் அவர் உள்ளங்கை வானத்தைப் பார்க்கிறது. என்னுடையது தரையைப் பார்க்கிறது. நெஞ்சு திக்கென்றது. உடனே அமெரிக்கப் பிட்சர்களான கற் ஓஸ்ரமன், லீசா ஃபெர்னாண்டஸ், மொனிக்கா அபோட் என்று ஒவ்வொருவராகத் தேடி அதே இடத்தில் நிறுத்தினேன். எல்லோரும் ஒரே மாதிரி. உள்ளங்கை மேலே பார்த்தபடி இறங்குகிறது, முழங்கைக்குச் சற்றுக் கீழே உள்ள பகுதி இடுப்பின் பக்கத்தை உரசுகிறது, அந்த உரசலில் முன்கை சட்டென்று தடைபட, பந்தைப் பிடித்த கை சாட்டை நுனி போல முன்னால் பாய்கிறது. பந்து போன பிறகு முன்கை தானாகவே உள்பக்கம் திரும்பி உடம்புக்குக் குறுக்கே தளர்ந்து விழுகிறது. யாரும் மணிக்கட்டை வலிந்து சுண்டவில்லை. யாரும் முழங்கையை உயர்த்தி முடிக்கவில்லை.

இதைப் பழகும் வரிசை இது. வலையிலிருந்து 3 மீற்றர் தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள், காலை அசைக்க வேண்டாம். கையை 9 மணியில் பிடித்து உள்ளங்கையை மேலே திருப்புங்கள். அந்தக் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி இருக்கிறது, சிந்தக் கூடாது என்று நினைத்தால் கை சரியாக நிற்கும். இனி கையை விழவிடுங்கள். தள்ளாதீர்கள், விழட்டும். முன்கை இடுப்பை உரசும் சத்தம் காதில் விழும். சட்டைத் துணியில் 'சர்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தோடு பந்து போக வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பந்து, இரண்டு கிழமைக்கு இது மட்டும். அதன்பிறகு 12 மணியிலிருந்து அரை வட்டம், பிறகு முழு வட்டம். கால் கடைசியில்தான் வரும்.

என் அக்காவின் மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தபோது அவள் மூன்றாம் நாளே, "சின்னம்மா, இப்ப கை தானாப் போகுது" என்றாள். எனக்கு நாலு மாதம் எடுத்ததை அவள் மூன்று நாளில் பிடித்தாள். அவளிடம் மறக்க வேண்டிய பிழை ஒன்றும் இருக்கவில்லை.

படி 4: கால்

வலது காலால் பலகையைத் தள்ளி, இடது காலை நேர்கோட்டில் முன்னால் எட்டி வையுங்கள். பாதம் கேட்சரை நேராகப் பார்க்காமல் ஏறத்தாழ 45 பாகை திரும்பியிருக்கட்டும். அந்தப் பாதம் ஊன்றும்போது கை 9 மணிக்குக் கிட்ட இருக்க வேண்டும். கை 6 க்கு வந்த பிறகு கால் ஊன்றினால் தள்ளிய பலம் எல்லாம் வீண். முன்கால் ஊன்றியதும் மடியக் கூடாது. ஓடிவந்த வள்ளம் கரையில் முட்டி நிற்பது போல உடம்பு அதில் நிற்க வேண்டும். பின்காலின் பெருவிரல் தரையில் கீறிக்கொண்டே வரட்டும். பின்காலை மறுபடி ஊன்றி இரண்டாம் தரம் உந்துவது விதிப்படி தவறு.

தூரத்தை அவசரமாகக் கூட்டாதீர்கள். 6 மீற்றரில் பத்துக்கு ஏழு பந்து உரப்பையில் பட்டால் 9 க்குப் போங்கள். தோளின் முன்பக்கம் நொந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பெரிய பிட்சர்களை எப்படி ஒப்பிடுவது

கொஞ்சம் வீசப் பழகியதும் எல்லோரும் கேட்பது இதுதான்: யார் பெரிய பிட்சர்? வேகத்தை மட்டும் வைத்துச் சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

அமெரிக்கப் பிட்சர் ஜோன் ஜாய்ஸை எடுங்கள். 1941 இல் .406 சராசரி எடுத்த (பத்துக்கு நாலு தடவைக்கு மேல் வெற்றியாக அடித்த) பேஸ்போல் துடுப்பாட்டக்காரர் ரெட் வில்லியம்ஸை 1960 களின் தொடக்கத்தில் ஒரு காட்சி ஆட்டத்தில் திணறடித்தவர். அவர் விண்ட்மில் வீசவில்லை. கவண் போலக் கையைப் பின்னால் இழுத்து அப்படியே முன்னால் விடும் முறை அவருடையது. பெண்களுக்கு முன்பு 40 அடி, இப்போது 43. பிட்சர் பந்தை விடும்போது ஏறத்தாழ ஆறு அடி முன்னால் வந்துவிடுகிறார் என்று வைத்தால், பந்து போகும் தூரம் அன்றைக்கு 34 அடி, இன்றைக்கு 37. ஆகவே 40 அடியில் 105 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால், துடுப்பாட்டக்காரருக்குக் கிடைக்கும் நேரம் இன்றைக்கு 114 இல் வீசுவதற்குச் சமம். எந்த ஒப்பீட்டுக்கும் முன்னால் இந்தக் கணக்கைச் செய்துவிடுங்கள்.

மொனிக்கா அபோட் 2012 இல் மணிக்கு 77 மைல், அதாவது 124 கிலோமீற்றர் வேகத்தில் வீசினார். அந்த வேகத்தில் பந்து துடுப்புக்கு வர ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. கற் ஓஸ்ரமனின் வேகம் அதற்குக் கிட்டவும் இல்லை. ஆனால் அவர் பல்கலைக்கழக ஆட்டங்களில் ஏழு இன்னிங்ஸ் கொண்ட ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 14 பேருக்கு மேல் ஸ்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே ஆட்டமிழக்கச் செய்வது) செய்தார். ஏழு இன்னிங்ஸில் மொத்தமே 21 அவுட்தான். மூன்றில் இரண்டு பங்கை ஒருவரே எடுத்திருக்கிறார், பந்தின் சுழற்சியையும் வளைவையும் வைத்து. அதனால்தான் ரேப் ஒட்டச் சொன்னேன்.

ஸ்ரைக் அவுட் எண்ணிக்கையிலும் முழுக் கதை இல்லை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் லீசா ஃபெர்னாண்டஸ் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 13 இன்னிங்ஸில் 25 பேரை ஸ்ரைக் அவுட் செய்தார். ஆட்டம் 2-1 என்று தோல்வி. கடைசியில் ஒரே ஒரு பந்து எல்லையைத் தாண்டியது. 1967 இல் அமெரிக்க ஆண் பிட்சர் எடி ஃபைக்னர் ஒரு காட்சி ஆட்டத்தில் வில்லி மேஸ், ரொபர்ட்டோ கிளமென்றே உட்பட ஆறு பேஸ்போல் நட்சத்திரங்களை வரிசையாக ஆட்டமிழக்கச் செய்தார். மகத்தான காரியம்தான், ஆனால் அவர்கள் யாரும் அந்தத் தூரத்தில் கீழிருந்து வரும் பந்தைப் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. அதையும் சேர்த்தே நிறுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் உவேனோதான். 2008 பெய்ஜிங்கில் இரண்டு நாளில் மூன்று ஆட்டம், 28 இன்னிங்ஸ், 413 பந்து. கடைசி ஆட்டத்தில் அமெரிக்காவை 3-1 என்று வென்று தங்கம். 13 வருடம் கழித்து மறுபடியும் அதே எதிரணி, மறுபடியும் தங்கம். முன்கை இடுப்பை உரசும் அந்தப் படத்தை 2008 இலும் 2021 இலும் நிறுத்தி ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தேன். முகத்தில்தான் வயது தெரிகிறது. கையில் தெரியவில்லை.

(413 பந்தைப் பார்த்து யாரும் அப்படிப் பழக வேண்டாம். நான் ஐம்பதைத் தாண்டுவதில்லை.)

பிற்சேர்க்கை 1

தொடையில் கண்டல் காயம் வருகிறது என்று இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் எழுதியிருந்தார்கள். வீடியோ அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். இருவருமே பந்தை விட முன்னர் இடுப்பைக் கேட்சர் பக்கம் மூடிவிடுகிறார்கள். இடுப்பு கையின் பாதைக்குள் வந்து நிற்கிறது, பந்தைப் பிடித்த கை போய் அடிக்கிறது. பந்து போகும்வரை இடுப்பு பாதி திறந்தபடியே இருக்கட்டும். படுவது முன்கை, அதுவும் உரசல்தான்.

பிற்சேர்க்கை 2

இடதுகைப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று பாலையூற்றிலிருந்து ஓர் அண்ணா கேட்டிருந்தார். ஓஸ்ரமனும் அபோட்டும் இடதுகைதான், அவர்கள் வீடியோவை அப்படியே பின்பற்றலாம். நீங்கள் வலதுகைக்காரராக இருந்து சொல்லிக் கொடுத்தால், பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்காமல் எதிரே நின்று செய்து காட்டுங்கள். கண்ணாடி பார்ப்பது போலப் பிடித்துக்கொள்வார்கள்.

பிற்சேர்க்கை 3

நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கடற்கரையில் பழகுகிறார்கள். காய்ந்த மணலில் பின்கால் புதையும், அதை எடுக்கப் போய் மறுபடி ஊன்றும் பழக்கம் வந்துவிடும். அலை தொட்டுப் போன ஈரமணல் இறுகியிருக்கும், அங்கே பெருவிரல் கீறிய கோடும் தெளிவாகத் தெரியும். கோடு நேராக இருக்கிறதா, வளைகிறதா என்று ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் திரும்பிப் பாருங்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் பின்னேரம் வேண்டாம், வலை பாய் போல ஊதிவிடும். காலை எட்டு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். பந்து நனைந்தால் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் தையல் பிரிந்துவிடும்.