மேலே போகும் ஈரம்: கணக்கு எங்கே பிசகுகிறது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மத்தியானம் மூன்று மணிக்கு, செம்பனைத் தோட்டத்துக்கு மேலே மேகம் கறுத்து எழும்பும்போது, இவ்வளவு ஈரமும் வானத்து உச்சிக்கே போய்விடும் என்றுதான் தோன்றும். டியூஷன் பிள்ளைகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள்: தரை சூடு, நீராவி அதிகம், ஆகவே மழைமேகங்களுக்கு மேலே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற காற்றடுக்கிலும் அதிகம். முதல் தவறு இதுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவை.

மேலே எவ்வளவு ஈரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது வழியில் இருக்கும் குளிர். நம் பக்கத்தில் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், மழைமேகங்கள் முடிந்து ஸ்ட்ராட்டோஸ்பியர் தொடங்கும் இடத்தில், வெப்பநிலை மைனஸ் 80 டிகிரியை ஒட்டிப் போகும். அந்தக் குளிரில் நீராவி பனித்துகளாகிக் கீழே விழுந்துவிடும். மளிகைக் கடையின் பழைய ஐஸ்பெட்டியைத் திறந்து பாருங்கள், உள்சுவரில் விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் படிந்திருக்கும். வெளிக்காற்று உள்ளே வந்து விட்டுச்சென்ற தண்ணீர் அது. மேலேயும் இதே கதைதான். தரையில் பத்து லட்சம் காற்று மூலக்கூறுக்கு முப்பதாயிரம் நீராவி இருந்தால், அந்த இடத்தைத் தாண்டி மிஞ்சுவது மூன்று, நான்கு. 1949இல் ஆலன் புரூவர் என்ற விஞ்ஞானி இங்கிலாந்துக்கு மேலே காற்று அத்தனை வறண்டிருப்பதைப் பார்த்துத்தான், இது வெப்பமண்டலத்துக் குளிர் உச்சி வழியாக வந்த காற்று என்று சொன்னார்.

அப்புறம், சராசரி வெப்பநிலையை எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். காற்று நேராக ஏறுவதில்லை, வாரக்கணக்கில் பக்கவாட்டில் அலைந்துதான் ஏறுகிறது. அந்தப் பாதையில் எங்கே மிகவும் குளிர்ந்ததோ அங்கேதான் அதன் ஈரம் முடிவாகிறது. நமக்குப் பொங்கல் வரும் மாதங்களில் அந்தக் குளிர்ப்பகுதி இந்தோனேசியாவை ஒட்டிய மேற்குப் பசிபிக்கின் மேலே இருக்கிறது, கிட்டத்தட்ட நம் வீட்டு வாசல். அங்கே ஒரு டிகிரி மாறினால் பத்து லட்சத்துக்கு அரை மூலக்கூறு அளவு மாறும். சின்னதாகத் தெரியும், ஆனால் இருப்பதே மூன்று நான்கு என்னும்போது அது பெரிய வித்தியாசம். 2000க்குப் பிறகு அங்கே குளிர் கூடியபோது ஸ்ட்ராட்டோஸ்பியரின் நீராவி சுமார் 10 சதவீதம் குறைந்தது.

இன்னொன்று, கார்பன் டைஆக்சைடால் ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது, அதனால் அது வறளும் என்பது. சரி, குளிர்வது உண்மை. ஆனால் வெப்பமண்டலத்தில் அந்த உச்சியைத் தாண்டிய காற்று மேலே போகப் போகச் சூடாகிறது, இனி உறைய அதில் ஈரம் போதாது. 25 கிலோமீட்டரில் இன்று அளக்கும் ஈரத்தை இன்றைய குளிரோடு ஒப்பிடுவதும் பிசகுதான், அந்தக் காற்று குளிர் உச்சியைக் கடந்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

எல்லாவற்றையும் குளிரின் தலையில் கட்டவும் முடியாது. மீத்தேன் மேலே சிதையும்போது நீராவி உண்டாகிறது. 2022 ஜனவரி 15இல் டோங்கா கடலடி எரிமலை வெடித்தபோது சுமார் 15 கோடி டன் நீராவி அந்தக் குளிர் உச்சியைத் தொடாமலே அதற்கு மேலே போய் விழுந்தது, ஸ்ட்ராட்டோஸ்பியரில் இருந்ததில் பத்தில் ஒரு பங்கு. அந்த ஆண்டுக்குப் பிறகு நீராவி கூடியதாக வரும் வரைபடத்தைக் காட்டி, வெப்பமண்டல உச்சி சூடாகிவிட்டது என்று யாராவது சொன்னால், எரிமலையைக் கழித்தீர்களா என்று கேளுங்கள்.